‘ஒருவருக்கு’ என்று அத்தா கேட்ட கேள்வி



2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், மஃரிப் தொழுகைக்குப் பின் எங்கள் அத்தா நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். மறுநாள் பாடத்திற்குரிய கிதாபை நாம் புரட்டிக்கொண்டிருந்தோம். “தம்பி, ஒருவருக்குச் சிறுநீர் கழித்த பிறகும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள். அவருடைய தொழுகை என்ன ஆகும்?” என்றார்.

தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னோம். ஒரு தொழுகையின் நேரம் முழுவதும், ஒளுச் செய்து ஃபர்ளைத் தொழுது முடிக்கும் அளவிற்குக்கூட இடைவெளி கிடைக்காமல் சொட்டு நீடித்தால் அவர் மஃதூர். ஒவ்வொரு நேரத்திற்கும் புதிதாக ஒளுச் செய்துகொள்ள வேண்டும். அந்த நேரத்திற்குள் சொட்டினாலும் ஒளு முறியாது. நேரம் கடந்துவிட்டால் முறிந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனித்தனி ஒளு. ஓதும் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே வரிசை பிசகாமல் சொல்லி முடித்து, இறுதியில், “அப்படிப்பட்டவர் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு இமாமாக நின்று தொழவைக்கக் கூடாது அத்தா” என்றும் சேர்த்துக்கொண்டோம். அத்தா “சரி” என்று எழுந்து போனார்.

“யாருக்கு அத்தா?” என்று நாம் கேட்கவில்லை.

அத்தாவிற்கு அப்போது வயது 70. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் ஜவுளிக்கடை நடத்தியவர். பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில், இமாமுக்கு நேர்ப் பின்னால் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. யாரும் எழுதி வைக்காத உரிமை அது. மோதினார் ஊருக்குப் போனால் பாங்கு சொல்வது அவர். ஹஜ்ரத் வெளியூர் சென்றால் முன்னின்று தொழவைப்பதும் பெரும்பாலும் அவரே. அந்த ஆண்டின் நடுவில் அவர் கடைசி ஸஃப்பிற்கு, வாசலையொட்டிய தூணருகே மாறினார். முழங்கால் வலி, எழுந்து போக எளிது என்றார். பிறகு இஷாவையும் ஸுபுஹையும் வீட்டில் தொழத் தொடங்கினார். அதற்கும் முழங்காலையே காரணமாகச் சொன்னார். நாங்கள் பிள்ளைகள் மூவர், இரு சகோதரரும் ஒரு சகோதரியும், தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

இரவில் ஆறேழு முறை அவர் எழுந்திருப்பது அம்மாவுக்குத் தெரியும். காலையில் தன் கைலியைத் தாமே துவைத்துக் காயப்போடுவதும் தெரியும். அம்மா கேட்டபோது, “பிள்ளைகளிடம் சொல்லாதே” என்று வாக்கு வாங்கியிருக்கிறார். அம்மா வாக்கைக் காப்பாற்றினார். இதனை அம்மாமீது குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் ஃபிக்ஹு ஓதியவர் நாம்; கேள்வி நேராக நம்மிடம் வந்தது; நாம் அதனைக் கிதாபுக்குள் வைத்து மூடிவிட்டோம்.

அக்டோபரில் ஓர் இரவு சிறுநீர் முழுதும் அடைத்துக்கொண்டது. அந்த வேதனையை அத்தா வாய்விட்டுச் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நள்ளிரவில் வாடகை வண்டி பிடித்து மருத்துவமனை சேர்ந்தோம். குழாய் செருகிய சில நிமிடங்களில் பை நிரம்பியது. அத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கண்ணை மூடினார். காலையில் அவர் விழித்ததும் நாங்கள் கேட்டோம், எத்தனை நாளாக என்று. “ஒன்றரை வருடம் இருக்கும்” என்றார்.

இடுப்பில் தொங்கும் பையோடு எப்படித் தொழுவது என்பதுதான் அவருடைய முதல் கவலை. பையில் இருப்பது நஜீஸ். அதைச் சுமந்துகொண்டு அல்லாஹ்வின் முன் நிற்பதா என்று இரண்டு நேரத் தொழுகையைத் தள்ளிப்போட்டிருந்தார். நாம் இப்போது கிதாபைத் திறக்காமல், கட்டிலோரம் உட்கார்ந்து, அவரது கையைப் பிடித்துக்கொண்டு அதே சட்டத்தைச் சொன்னோம். சட்டம் மாறவில்லை. ஜனவரியில் சொன்னதேதான். தயம்மும் போதாது, தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி ஒளுச் செய்வித்தோம். தலையணையில் சாய்ந்தபடி தொழுதார். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் வருந்தியபோது தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மூல நோய் என்று அந்தத் தோழர் வெளிப்படையாகச் சொன்னதை இத்தனை ஆண்டுகள் பாடமாக நடத்தியும், அவர் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாரே என்று ஒருமுறையேனும் நாம் நின்று யோசித்ததில்லை.

இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற ஒரு பரிசோதனை செய்தார்கள். பொதுவாக 4க்குள் இருக்க வேண்டியது 38 இருந்தது. சிறுநீர் அடைத்திருக்கும் நேரத்தில் அந்த அளவு தானாகவே ஏறக்கூடும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள்; அப்போதும் 31. வயதானவர்களுக்கு புரோஸ்டேட் சுரப்பி புற்றுநோய் இல்லாமலும் பெருத்துச் சிறுநீரை நெருக்கும்; பெரும்பாலோர்க்கு அதுவே காரணம். ஆனால் மருத்துவர் கைவிரலால் தடவிப் பார்த்தபோது சுரப்பி கல்போல் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பரிசோதனைக்கு அத்தாவை உடன்பட வைப்பதற்கு எங்களுக்கு அரைநாள் ஆயிற்று. அவ்ரத்தை மறைப்பது கடமை. சிகிச்சைக்குத் தேவையான அளவு மருத்துவர் பார்ப்பது ஆகுமானது. இதுவும் அவருக்குத் தெரியாததன்று. தெரிந்திருப்பது வேறு, மறைப்புக்குப் பின்னால் படுப்பது வேறு.

பன்னிரண்டு இடங்களில் ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான் என்று வந்தது. கிளீசன் கணக்கில் 4+4, ஆகமொத்தம் 8. வேகமாக வளரும் வகை. எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். பரவவில்லை, அல்லாஹ்வின் கிருபை.

இங்கே எங்களுடைய தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். அத்தா எங்களிடம் மறைத்தார் என்று மனத்தாங்கல் பட்ட நாங்கள், முடிவு வந்த அன்று கூடிப்பேசி, அவரிடம் சொல்வதில்லை என்று தீர்மானித்தோம். “சுரப்பியில் வீக்கம்” என்றோம். ஒன்பது நாள் அப்படியே ஓடியது. வீட்டில் அந்த ஒரு சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. குழந்தைகள் வந்தால் பேச்சை மாற்றினோம். பத்தாம் நாள் திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தூக்கியில் ஏறி மூன்றாம் மாடியில் இறங்கியதும், எதிரே பெரிய எழுத்தில் ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்றிருந்தது. அத்தா பலகையைப் படித்தார். பின்பு எங்கள் முகங்களைப் படித்தார். “உங்களுக்கு எப்போது தெரியும்?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல நாவெழவில்லை. வரிசையில் உட்கார்ந்த பிறகு அவரே, “நானும் மறைத்தேன், நீங்களும் மறைத்தீர்கள். கணக்குச் சரியாகிவிட்டது. இனி வேண்டாம்” என்றார்.

மருத்துவர் அத்தாவை நோக்கியே பேசினார். அது எங்களுக்குப் பிடித்திருந்தது. இந்தப் புற்றுநோய்க்கு ஆணின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் உணவுபோல. அதனை நிறுத்தினால் கட்டி சுருங்கும். சுருங்கியதன்மேல் கதிர்வீச்சு கொடுத்தால் நன்றாக வேலை செய்யும் என்றார். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1941இல் இந்தத் தொடர்பை நிறுவினார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அன்று அவர் கையாண்ட முக்கிய வழி விதைகளை அகற்றுவது. இன்றும் அந்த வழி இருக்கிறது. ஒரே முறை, செலவும் குறைவு. இன்னொன்று மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசி. மூளையிலிருந்து விதைகளுக்குப் போகும் கட்டளையை அது நிறுத்திவிடும். லியூப்ரோலைடு என்பது மருந்தின் பெயர்.

அத்தா நம் பக்கம் திரும்பினார். அவர் என்ன கேட்கிறார் என்பது புரிந்தது. காயடித்துக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு அனுமதிக்கவில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் செய்தி அவருக்கும் தெரியும். இல்லறத்தைத் துறப்பதற்காகச் செய்வதும், உயிரைக் காக்கும் சிகிச்சையாகச் செய்வதும் ஒன்றாகா. வேறு வழியில்லையென்றால் இதிலும் தடையில்லை என்பதை நம் உஸ்தாதிடம் தொலைபேசியில் கேட்டும் உறுதி செய்துகொண்டோம். எனினும் அத்தாவுக்கு இரண்டு ஆண்டு சிகிச்சை போதும், ஊசியை நிறுத்தினால் சுரப்பு மெல்லத் திரும்பக்கூடும் என்று மருத்துவர் சொன்னதால் ஊசியையே தேர்ந்தோம். வேறு நிலையில் உள்ள சிலர்க்கு ஆயுள் முழுதும் தேவைப்படும். அவர்களில் அறுவையைத் தேர்ந்தவர்களை நாங்கள் பிறகு சந்தித்தோம். அவர்களைக் குறைவாக எண்ணும் பேச்சு நம்மிடையே இருந்தால் அது தகாது.

மருத்துவர் அதன்பின் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அத்தாவையும் அம்மாவையும் மட்டும் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசினார். இல்லறத்தில் இந்த ஊசி செய்யும் மாற்றத்தைப் பற்றியது அப்பேச்சு. பிள்ளைகள் கேட்க வேண்டியதன்று. வெளியே வந்தபோது அம்மா அத்தாவின் மருந்துப் பையைத் தாம் வாங்கிக்கொண்டு, அவருக்குச் சற்று முன்னால் நடந்தார். வழக்கமாகப் பின்னால்தான் நடப்பார்.

2022 டிசம்பரில் முதல் ஊசி. முதல் ஊசி போட்டதும் சில நாள் அந்தச் சுரப்பு குறைவதற்குப் பதிலாக ஏறுமாம். அதனால் கட்டி சீறாமலிருக்க, முன்கூட்டியே பைகலுட்டமைடு மாத்திரை கொடுத்தார்கள். ஊசியின் வேலை சில வாரங்களில் தெரிந்தது. மார்கழிக் குளிரில் அத்தா திடீரென்று வியர்த்து, சட்டையைக் கழற்றி, விசிறி கேட்பார். முகமும் கழுத்தும் சிவந்து இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். ஒரு நாளைக்கு எட்டு முறைகூட வரும். அம்மா, “எனக்கு நாற்பத்தெட்டு வயதில் வந்தது உங்களுக்கு எழுபதில் வந்திருக்கிறது. அன்று நீங்கள் எனக்கு விசிறவில்லை” என்று சொல்லிக்கொண்டே விசிறினார். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் இரண்டு மாதத்திற்குப் பின் கேட்ட சிரிப்பு அது.

தாடி கொட்டிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. கீமோ சிகிச்சை பெற்ற உறவினர் ஒருவரைப் பார்த்திருந்ததால் வந்த அச்சம். இந்தக் கதிர்வீச்சு இடுப்புப் பகுதிக்கு மட்டுமே, தலையிலும் முகத்திலும் முடி கொட்டாது என்று மருத்துவர் சொன்ன பிறகே அடங்கினார். மார்பில் சிறு வலியும் வீக்கமும் வந்தன. எலும்பு வலுவிழக்கும் என்பதற்காகச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் நாள்தோறும் அரைமணி நடையும் விதித்தார்கள். சோர்வு மிகுந்தது. கண்ணீரும் எளிதில் வந்தது. நம் மகள் குர்ஆன் ஓதிக்காட்டியபோது ஒருநாள் தேம்பி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது தக்வாவா, ஊசியா என்று தெரியவில்லை தம்பி” என்றார்.

கதிர்வீச்சு 2023 மார்ச் நடுவில் தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம், மொத்தம் இருபது முறை. முன்பெல்லாம் ஏழெட்டு வாரம் கொடுப்பார்களாம். ஒவ்வொரு முறையும் கதிரின் அளவைச் சற்றுக் கூட்டி, நாளைக் குறைத்தாலும் பலன் குறைவதில்லை என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்தபின் பல இடங்களில் இப்படி மாறியிருக்கிறது. திருச்சியில் சாச்சா வீட்டில் தங்கினோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கதிர்வீச்சுச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கிற்று.

முதலில் ஸ்கேன் எடுத்து, அடிவயிற்றிலும் இடுப்பின் இரு பக்கத்திலும் ஊதா மையால் கோடுகள் வரைந்தார்கள். நாள்தோறும் அதே இடத்தில் கதிர் பாய வேண்டும் என்பதற்காக அந்த அடையாளம்; சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது என்றார்கள். ஜுமுஆக் குளிப்பு எப்படி என்று அத்தா கேட்டார். மை தோலின்மேல் நிறமாகத்தான் இருக்கிறது, தண்ணீரைத் தடுக்கும் படலமாக இல்லை. மேலே தண்ணீரை ஓடவிட்டால் போதும், தேய்க்கத் தேவையில்லை என்றோம். இந்த முறை அவர் ‘ஒருவருக்கு’ என்று கேட்கவில்லை. ‘எனக்கு’ என்றே கேட்டார்.

அறைக்குள் அவரைப் படுக்கவைத்து, எல்லோரும் வெளியே வந்து, கனத்த கதவை மூடிவிடுவார்கள். எந்திரம் அவரைச் சுற்றி வரும். சில நிமிடங்கள்தாம். வலி எதுவும் இல்லை, எக்ஸ்ரே எடுப்பதைப் போலத்தான் என்றார். அசையக் கூடாது என்பதால் விரலை மடக்காமல் மனத்துக்குள் திக்ரை எண்ணுவாராம். கடினமானது அந்த அறைக்கு வெளியேதான். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் விலகி நிற்கும், பையின் பெரும்பகுதியும் கதிரிலிருந்து தப்பும். எனவே வயிற்றைக் காலி செய்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, ஏறக்குறைய ஒரு மணிநேரம் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டாக அடக்க முடியாமல் அவதிப்பட்டவரிடம் அடக்கச் சொன்னார்கள்.

இரண்டாம் வாரம் ரமளான் பிறந்தது. மார்ச் 24, வெள்ளிக்கிழமை முதல் நோன்பு. பத்து வயதிலிருந்து நோன்பை விடாதவர் அத்தா. முதல் நாளே ஸஹருக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார். நோயாளிக்கு அல்லாஹ்வே அளித்த சலுகை. வேறு நாள்களில் எண்ணிக்கையை நிறைவு செய்துகொள்ளலாம். சிகிச்சைக்குத் தண்ணீர் கட்டாயம் என்று நாம் சொன்னோம். “ஊருக்கே சொல்வாய், உன் அத்தாவுக்கும் சொல்கிறாய்” என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். பிறகு எழுந்து ஸுபுஹு தொழுதார். பகலில் சாச்சி அடுக்களைத் திரையை இழுத்துவிட்டு, அதற்குள் அவருக்குக் கஞ்சி கொடுத்தார். நோன்பு வைத்திருந்த பேரப்பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று கூச்சப்பட்டார். எட்டு வயதுப் பேரன் ஒருவன் திரைக்குள் தலையை நீட்டி, “நன்னா, உங்களுக்கு நோன்பு இல்லையா?” என்றான். “மருந்து நோன்பு” என்றார் அத்தா. அவனுக்கு அது போதுமாயிருந்தது.

மூன்றாம் வாரத்தில் எரிச்சலும் சொட்டும் மிகுந்தன. அப்போதுதான் அவர் உண்மையாகவே மஃதூர் என்ற நிலைக்கு வந்தார். இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் ஒன்றரை ஆண்டு அவர் அந்த நிலையில் இருக்கவில்லை. கழித்தபின் சில நிமிடம் சொட்டும். காத்திருந்து, சற்று நடந்து, இருமி, சுத்தம் செய்தால் நின்றுவிடும். அதற்குப் பெயர் இஸ்திப்ரா. அது முடிந்தபின் ஒளுச் செய்து முதல் ஸஃப்பிலேயே நின்றிருக்கலாம். தேவையானால் முன்னின்று தொழவைத்தும் இருக்கலாம். நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், “எவ்வளவு நேரம் சொட்டுகிறது அத்தா?” என்றிருந்தால், அவர் பள்ளிவாசலின் கடைசித் தூணுக்குப் போயிருக்கமாட்டார். மருத்துவமனைக்கும் முன்பே போயிருப்போம். சரியான சட்டத்தைத் தவறான மனிதருக்குச் சொல்லிவிட்டோம்.

ஒருநாள் எந்திரம் பழுதாகி முக்கால் மணிநேரம் தாமதமாயிற்று. அத்தா தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் செவிலியரைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் கைலி நனைந்து தரையிலும் சிந்திவிட்டது. பெஞ்சிலிருந்து எழ மறுத்துக் குனிந்த தலையோடு இருந்தார். பக்கத்தில் இலால்குடிப் பக்கத்திலிருந்து வரும் விவசாயி ஒருவர். அவருக்கும் அதே சிகிச்சை. தன் தோள் துண்டை எடுத்து அத்தாவின் மடியில் விரித்து, “நேத்து எனக்கு இப்படித்தான் ஆச்சு பாய். எழுந்திருங்க, தொடைக்கிறவங்க தொடைப்பாங்க” என்றார். அத்தா எழுந்தார். அன்றிலிருந்து இருவரும் அருகருகே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். யார் முதலில் அடக்க முடியாமல் எழுகிறார்கள் என்று பந்தயம் வேறு. ஒன்றரை ஆண்டு பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததையெல்லாம் அந்த மனிதரிடம் பதினைந்து நாளில் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிந்தைய ஆண்டில் நூருல் ஈழாஹ் பாடத்தில் அந்த இடம் மீண்டும் வந்தது. சிறுநீர் நிற்காதவரின் சட்டம் அந்தக் கிதாபில் எங்கே இருக்கிறது என்றால், பெண்களின் ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளா பாடத்தின் வால்பகுதியில். பிள்ளைகள் வெட்கத்தோடு பக்கத்தைப் பார்ப்பார்கள். நாமும் வேகமாகக் கடந்துபோவது வழக்கம். இந்த முறை மெல்ல நடத்தினோம். அச்சட்டம் ஏன் அங்கே இருக்கிறது? ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று கேட்டார்கள். விடவேண்டாம் என்று வழி சொல்லப்பட்டது. அந்த விடையை அடிப்படையாகக் கொண்டே ஃபுகஹாக்கள் தீராத தடை உள்ள அனைவர்க்கும் சட்டம் வகுத்தார்கள். சொட்டு நிற்காத ஆண்கள் இன்றும் தொழுவது, ஒரு பெண் வெட்கத்தை ஒதுக்கிவைத்துக் கேட்டதால்.

அதே வகுப்பில் அலீ (ரலி) அவர்களின் செய்தியும் வந்தது. தம் உடல்நிலை பற்றிய ஒரு கேள்வியை, நபி (ஸல்) அவர்களின் மகள் தமக்கு மனைவியாக இருப்பதால் தாமே கேட்க வெட்கப்பட்டு, மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டார்கள். அத்தா செய்ததும் அதுவே. அனுப்ப ஒரு மிக்தாத் இல்லாததால் ‘ஒருவர்’ என்று ஒரு மனிதரைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். மஸ்அலா கேட்க வருபவரிடம், “இது உங்களுக்கா?” என்று எல்லோர் முன்னும் கேட்டு நாணவைப்பதும் சரியன்று. தனியே அழைத்து, கதவைச் சாத்தி, “எத்தனை நாளாக?” என்று கேட்கலாம். இப்போது அப்படித்தான் கேட்கிறோம். சென்ற ஆண்டில் மட்டும் எங்கள் மஹல்லாவில் நான்கு பெரியவர்கள் மருத்துவரிடம் போனார்கள். மூவருக்குச் சாதாரண வீக்கம், மாத்திரையோடு சரி. ஒருவருக்கு மேற்கொண்டு சோதனை நடந்துவருகிறது.

அத்தாவின் எட்டாவது, கடைசி ஊசி 2024 செப்டம்பரில் போடப்பட்டது. பி.எஸ்.ஏ. இப்போது 0.1க்கும் கீழே. விடுபட்ட 29 நோன்பையும் மார்கழி, தை மாதத்துக் குறுகிய பகல்களில் வாரத்துக்கு நான்காக நோற்று முடித்தார். கடைசி நோன்பன்று இஃப்தாருக்குத் திரையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். சொட்டு நின்று, ஒரு தொழுகை நேரம் முழுவதும் தடையின்றிக் கழிந்தபோது மஃதூர் நிலை நீங்கியது. அதை அவரே கணக்குவைத்து நம்மிடம் சொன்னார். பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார். குரலில் பழைய கனம் இல்லை. கடைசித் தக்பீரில் மூச்சு வாங்குகிறது. வியர்வை இன்னமும் சில இரவுகளில் வருகிறது.

ஹஜ்ரத் ஊரில் இல்லாத ஓர் அஸருக்கு முன்னே வருமாறு அவரை அழைத்தார்கள். கூடுமா கூடாதா என்று ஜமாஅத்தார் நம்மைப் பார்த்தார்கள். கூடும் என்றோம். அத்தா ஒரு கணம் நின்று, பக்கத்திலிருந்த வாலிபர் ஒருவரின் தோளைத் தொட்டு அவரை முன்னே அனுப்பிவிட்டு, முதல் ஸஃப்பில் தம்முடைய பழைய இடத்தில் நின்றுகொண்டார். ஏன் என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டோம். “பழகட்டும்” என்றார். அது மட்டும்தானா, இன்னும் உள்ளே ஏதும் ஐயம் இருக்கிறதா என்று கேட்டோம். “இருந்தால் சொல்வேன்” என்றார்.

இதனை எழுத அவரிடம் அனுமதி கேட்டோம். பெயர் போடாதே, மற்றதெல்லாம் எழுது, துண்டு கொடுத்தவரை மறக்காமல் எழுது என்றார். அடுத்த பரிசோதனை அடுத்த மாதம். அத்தாவுக்காகவும், இலால்குடிப் பக்கத்து அந்தச் சகோதரரின் நலத்திற்காகவும் துஆச் செய்யுங்கள்.